வாசல் கல்லில் 1788

"இந்த வீட்டுச் சுவர் ஒவ்வொண்ணும் சரித்திரம் பேசும், கண்ணு. ராஜாக்கள் போயிட்டாங்க, சாம்ராஜ்யம் போயிடுச்சு, கார்ஃபோர்த் மாளிகை மட்டும் அப்படியே நிக்குது," என்றார் கிரிஸ்பின் கார்ஃபோர்த், வாசல் வளைவுக் கல்லில் செதுக்கியிருந்த 1788ஐத் தடவியபடி. "அதனால, உன் ஓட்டைக் காரைப் பின்பக்கம் கொண்டுபோய் நிறுத்து. வீட்டோட களையே போயிடுது."

ஃபிலிப்பா காரைக் குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் விட்டுவிட்டு, மழையில் நனைந்தபடி திரும்பி வந்தாள். 2003இல் செய்த வண்டி. மாற்ற வேண்டும் என்றால் இந்த மாளிகை விற்றாக வேண்டும். யார்க் நகரில் கடை, அலுவலகக் கட்டடங்களை விற்றுக்கொடுக்கும் தரகு அவளுடைய தொழில். ஆறு மாதமாக ஒன்றும் படியவில்லை. இதுவும் கைநழுவினால் அலுவலகத்துக்கே பூட்டுதான்.

வாங்க வந்திருந்த ரோவீனா காலிஸ் முன்னறையில் தேநீரும் 'பார்க்கின்' என்ற இஞ்சிக் கேக்குமாக உட்கார்ந்து, உத்தரத்து மரத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வக்கீல்கள் சிலருக்கு அலுவலகமாக வாடகைக்கு விடப்போகிறாள். பழைய கட்டடம்தான் வேண்டும் என்று அந்த வக்கீல்கள் ஒற்றைக்காலில் நின்றார்களாம். நாலு மணிக்குக் கையெழுத்து. பாக்கி இருந்தது, வீடு சூட்டை எவ்வளவு காக்கிறது என்று 'ஏ' முதல் 'ஜி' வரை தரம் போடும் எரிசக்திச் சான்றிதழ் ஒன்றுதான். அது இல்லாமல் விற்க முடியாது. அதில் 'இ'க்குக் கீழே தரம் விழுந்தால் வாடகைக்கு விட முடியாது.

மதிப்பீட்டாளரை ஃபிலிப்பா முன்பே மூன்று தடவை அனுப்பியிருந்தாள். சரித்திரத்துக்கு எதற்குச் சான்றிதழ் என்று கேட்டு, மூன்று தடவையும் கார்ஃபோர்த் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார். இன்று வேறு வழியில்லாமல் உள்ளே விட்டார்.

வந்தவன் பெயர் தாஹிர். அந்தக் காலத்துக் கடத்தல்காரர்கள் சாராயப் பீப்பாய் தொங்கவிட்ட உத்தரத்தையும், வேலைக்காரியின் ஆவி இறங்கி வரும் மாடிப்படியையும் கார்ஃபோர்த் அவனுக்குச் சுற்றிக்காட்டினார். அவன் ஆவியைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. சுவருக்குள் என்ன இருக்கிறது, வரைபடம் ஏதாவது உண்டா என்று மட்டும் கேட்டான்.

"1788ல எவன்யா வரைபடம் வச்சிருந்தான்?"

அரசாங்கத்தின் பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் இந்த வீடு ஏன் இல்லை என்றும் கேட்டான். அரசாங்கம் மூக்கை நுழைப்பது தன் தாத்தாவுக்குப் பிடிக்காது என்றார் கார்ஃபோர்த். தாஹிர் எல்லாவற்றையும் கைக்கணினியில் தட்டிப் பதிந்துகொண்டான். கொஞ்ச நேரத்தில் ஃபிலிப்பாவைத் தனியே கூப்பிட்டான்.

"ஜி வருது, மேடம்."

அதற்குக் கீழே தரமே கிடையாது.

"சுவரை உடைச்சு நான் பார்க்க முடியாது. கண்ணுல படாததுக்கு, கட்டின வருஷத்தை வச்சுத்தான் கணக்கு. 1788ன்னா வெறும் கல்லு. போட்ட சூடெல்லாம் தெருவுக்குத்தான் போகும்."

ரோவீனாவிடம் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் கேக்கைத் தட்டில் வைத்தாள்.

"வாடகைக்கு விட முடியாத வீட்டை வாங்கி, நான் அந்த ஆவியோட குடித்தனம் பண்ணவா? நாலு மணி வரைக்கும் பார்ப்பேன். அப்புறம் ஹாரகேட்ல இன்னொரு வீடு இருக்கு."

கார்ஃபோர்த் திடீரென்று தாஹிரின் முழங்கையைப் பிடித்து, கொதிகலன் அறைக்குள் இழுத்துக்கொண்டு போய்க் கதவைத் தாழிட்டார். ஃபிலிப்பா வெளியே நின்றாள். உள்ளே குசுகுசுவென்று பேச்சு. பலகை ஒன்றைப் பெயர்த்தெடுக்கும் சத்தம்.

வெளியே வந்த கார்ஃபோர்த் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தாஹிர் யாரையும் பார்க்காமல் சொன்னான்: "பி."

ஜி எப்படி பி ஆகும்? பூட்டிய அறைக்குள் வேறு என்ன நடந்திருக்கும்? லஞ்சத்தில் வந்த சான்றிதழ் என்று வெளியே தெரிந்தால், அலுவலகம் போவது இருக்கட்டும், அவளே ஜெயிலுக்குப் போக வேண்டியதுதான்.

ரோவீனாவோ பூரித்துப்போனாள். "பார்த்தியா? அந்தக் காலத்து ஆளுங்க கட்டினா கட்டினதுதான். இப்போ கட்டறதெல்லாம் வீடா?" என்று உத்தரத்தைத் தட்டிக்கொடுத்துவிட்டு, கார்ஃபோர்த்தின் காரிலேயே வக்கீல் அலுவலகத்துக்குக் கிளம்பினாள். ஃபிலிப்பாவைச் சான்றிதழோடு பின்னாலேயே வரச் சொன்னார்கள்.

ஃபிலிப்பா பின்பக்கம் ஓடி, வண்டியில் ஏறப்போன தாஹிரை மறித்தாள்.

"எவ்வளவு வாங்கின?"

"காசா?" தாஹிர் முகம் சுண்டிவிட்டது. "அல்லா சத்தியமா ஒரு பென்னி வாங்கல, மேடம். அவர் பேரம் பேசினது வருஷத்தை. 1850ன்னு போட்டுக்கோயேன்னார். அதுவும் ஜிதான்னேன். 1900க்கு வந்தார். பத்தாதுன்னேன். 1950ன்னார், அதுக்கும் இ எட்டலன்னேன். அப்புறம் ஆள் உட்கார்ந்துட்டார். கொதிகலனுக்குப் பின்னால பலகையை எடுத்துக் காட்டினார். சூடு வெளியே போகாம ஒரு சாண் கனத்துக்குப் பஞ்சு அடைச்சிருக்கு. கல்லு வெளியில ஒட்டினது, லாரியில வந்ததாம். அந்த நம்பரைச் செதுக்கச் சொன்னது அவர் சம்சாரம்."

"அப்போ வீடு கட்டினது எப்போ?"

"2006. கவலைப்படாதீங்க, சான்றிதழ்ல வருஷம் வராது."

தாஹிர் போய்விட்டான். ஃபிலிப்பா குப்பைத் தொட்டிகளுக்குப் பக்கத்தில் மழையில் நின்றுகொண்டு, தன் காரைப் பார்த்தாள்.

அது மாளிகையைவிட மூன்று வயது மூத்தது.