திரையில் வந்த எழுத்து

மனைவியைக் கூட்டிப்போக வந்த ரதீசன், சப்பாத்தில் ஒட்டிய பனி உருகிச் சொட்ட, அவளுடைய அலுவலக அறை வாசலில் நிற்கிறான். உள்ளே சிவாஜினியும், கூட வேலை செய்யும் கம்போடியக்காரன் வண்ணாக்கும் ஒரே கணினித் திரையின் முன் குனிந்திருக்கிறார்கள். இருவர் முகத்திலும் ஒரே வெளிச்சம். காலைவரை வெறும் சதுரப் பெட்டியாகத் தெரிந்த கம்போடிய மொழியான கெமரின் எழுத்தொன்று, அதன் குறியெண்ணை எழுத்துருவோடு சரியாகப் பொருத்தியதும் வளைந்து நெளிந்து எழும்பி நிற்கிறது. வண்ணாக் அதை உச்சரிக்கிறான். அவள் அவன் உதட்டையே பார்த்துத் திருப்பிச் சொல்கிறாள். உச்சரிப்புப் பிழையாகிறது, இருவரும் சிரிக்கிறார்கள். வீட்டில் அவள் இப்படிச் சிரித்து எவ்வளவு காலமென்று ரதீசன் யோசிக்கிறான்.

"இஞ்சை வந்து பாருங்கோப்பா, எழுத்து வந்திட்டுது."

"கார் நிப்பாட்டக் கூடாத இடத்தில நிக்குது. வாரும், போவம்."

"ஒரு நிமிசம்."

அவளுடைய கணவரின் பெயரையே எழுதிப் பார்ப்போமா என்று வண்ணாக் பிரெஞ்சில் கேட்கிறான். ரதீசன் வாய் திறக்குமுன் அவள் விரல்கள் விசைப்பலகையில் ஓடுகின்றன. அவள் இந்த எழுத்துகளைக் கற்றுக்கொண்டது அவனுக்குத் தெரியாது. திரையில் சுருள் சுருளாக ஒரு சொல் விரிகிறது. அவளும் வண்ணாக்கும் ஒன்றாக, ஒரே குரலில் அதை வாசிக்கிறார்கள். ரதீசன் கிட்டப் போய் உற்றுப் பார்க்கிறான். அந்த அறையில் ரதீசன் என்ற பெயரை வாசிக்கத் தெரியாத ஒரே ஆள் அவன்தான்.