நாற்பத்தொன்றாம் இதழ்

இடிமுகன் திரும்பி வருவான் என்றார் பல் டாக்டர். வரவே கூடாது என்றார் தையல்கார அக்கா.

போன இதழின் கடைசிப் பக்கத்தில் இடிமுகன் எரிமலைக்குள் விழுந்து செத்திருந்தான். பழைய புத்தகக் கடையின் பின்னறையில் சனிக்கிழமைக் கூட்டம் அதைப் பற்றித்தான் அடித்துக்கொண்டிருந்தது. முகமூடி வீரர்களின் படக்கதைகளைப் படித்தே நரை விழுந்தவர்கள் அவர்கள்.

அக்காவுக்கு ஆற்றாமை. இரட்டைப் பிறவி, கால இயந்திரம், பக்கத்து உலகத்து இடிமுகன் என்று எதையாவது சொல்லி எழுப்பிவிடுவார்கள், தான் அழுத அழுகையெல்லாம் தண்டம் என்றார். போன தடவை அவன் செத்த வாரத்தில், அவர் ஒருவர் சட்டைக்கு இரண்டு இடது கை வைத்துத் தைத்துக் கொடுத்தது ஊரறிந்த கதை.

அப்போதுதான் லாரி டிரைவர் உள்ளே வந்தார்.

ஒரே ஆரவாரம்.

அவருடைய நாற்காலி சுவரைப் பார்த்துத் திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அது அந்தக் கூட்டத்தின் வழக்கம். தொடர்ந்து மூன்று சனிக்கிழமை வராதவர் செத்தவர். வந்தால், எப்படி உயிர்த்தெழுந்தார் என்று கதை சொல்ல வேண்டும். நம்புவதாகக் கூட்டம் ஓட்டுப் போட்டால் நாற்காலி திரும்பும். நம்பாவிட்டால் எல்லோருக்கும் அவர் செலவில் டீ.

டிரைவர் செத்த விதம் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவர் வராமல் போன முதல் சனிக்கிழமை, அவர் அனுப்பிய ஒரு பெட்டி கடைக்கு வந்தது. திறந்தால், ஒவ்வொருவர் பெயரும் எழுதிக் கட்டிய கட்டுகள். இரவல் வாங்கியதெல்லாம் திரும்பி வந்திருந்தது. யாரையும் தொடக்கூட விடாத தன் முதல் இதழ்களையும் ஆளுக்கொன்றாகப் பிரித்து வைத்திருந்தார்.

டிரைவருக்கு யாரோ பெண் கொடுத்துவிட்டார்கள், இனிமேல் படக்கதைக்கு முழுக்கு என்று கடைக்காரர் சொன்னார். எல்லோரும் சிரித்தபடி அவரவர் கட்டை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள்.

இப்போது டிரைவர் மெலிந்திருந்தார். தோளில் ஒரு துணிப்பை.

"கதையை எடுத்து விடுங்க டிரைவரே. கால இயந்திரம் மட்டும் வேண்டாம், அது புளிச்சுப்போச்சு" என்றார் அக்கா.

டிரைவருக்குக் கதை சொல்ல வராது. பெட்டியை அனுப்பிய அன்று, வளர்த்த பூனையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டேன் என்றார். மறுபடி திறக்கும் எண்ணம் இல்லை என்றார்.

தொடக்கம் பிரமாதம் என்று கடைக்காரர் தொடையில் தட்டினார். வில்லன் யார் என்று அக்கா கேட்டார்.

அப்படி யாரும் இல்லை, அறையில் நான் மட்டும்தான் இருந்தேன் என்றார் டிரைவர்.

கடைக்காரர் சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

பெயர் எழுதிய அந்தக் கட்டுகள், அத்தனை பேர் மனதிலும் இப்போதுதான் அவிழ்ந்தன.

அக்காவின் கையிலிருந்த டம்ளர் சாய்ந்து டீ மடியில் கொட்டியது. அவர் துடைத்துக்கொள்ளவில்லை.

டிரைவர் தரையைப் பார்த்துக்கொண்டு மேலே சொன்னார்.

"போன் விடாம அடிச்சுது. எடுத்தா நம்ம டாக்டர். நாப்பது இருக்கு, நாப்பத்திரெண்டு இருக்கு, நடுவுல நாப்பத்தொண்ணு எங்கேய்யான்னு ஒரே சத்தம். அடுத்தவர் பொருளை வெச்சுக்கிட்டு எப்படிப் போறது? சரி, அதைக் கொடுத்துட்டுப் போவோம்னு தேட ஆரம்பிச்சேன்."

கட்டிலுக்கடியில் தேடினார். பரணில் தேடினார். அதற்குள் விடிந்துவிட்டது. பக்கத்து வீட்டிலிருந்து தப்பி வந்த பூனை கதவைப் பிறாண்டியது. திறக்க வேண்டியதாயிற்று. வெளியே போனவர் லாரியின் இருக்கையையும் கழற்றித் தேடினார்.

பிறகு சரக்கு இறக்கப் போன ஊரிலெல்லாம் பழைய புத்தகக் கடைகளில் தேடினார். தேடுகிறவன் சாப்பிட வேண்டியிருந்தது, தூங்க வேண்டியிருந்தது. நடுவில் ஒரு டாக்டரையும் போய்ப் பார்த்தார். பல் பார்க்கிற டாக்டர் இல்லை என்று சொல்லி லேசாகச் சிரித்தார். யாரும் கூடச் சிரிக்கவில்லை.

நேற்றுத்தான் ஒரு கடையில் கிடைத்ததாம்.

பையிலிருந்து அதை எடுத்து நீட்டினார். கிழிந்த அட்டையைக் காகிதம் ஒட்டிச் சரிசெய்திருந்தார். நாற்பத்தொன்றாம் இதழ்.

பல் டாக்டரின் முகம் வெளுத்துப் போயிருந்தது. கடவுள் கைக்கு அகப்பட்டதை வைத்து வேலை செய்கிறவர். சில சமயம் அகப்படுவது ஒரு மனிதனின் கஞ்சத்தனமாகவும் இருக்கும்.

டாக்டர் இரண்டு கைகளாலும் அதை வாங்கிக்கொண்டார். வெகுநேரம் பக்கங்களைப் புரட்டினார்.

"இதைத்தான் தேடிட்டிருந்தேன். இப்பத்தான் வரிசை முழுசாச்சு" என்றார்.

ஓட்டெடுப்பு நடக்கவில்லை. செத்தவர் எழவே கூடாது என்ற அக்காதான் எழுந்து போய் நாற்காலியைத் திருப்பிப் போட்டார். டிரைவர் உட்கார்ந்ததும், அவர் தோளில் கையை வைத்தபடி அங்கேயே நின்றார்.

டாக்டர் தன் பையிலிருந்து வேறோர் இதழை எடுத்து டிரைவரின் மடியில் வைத்தார். இரவல்தான், அடுத்த சனிக்கிழமை கட்டாயம் திருப்பித் தர வேண்டும் என்றார். அதற்கடுத்த வாரத்துக்கு வேறொன்று வைத்திருப்பதாகவும் சொன்னார்.

வீட்டுக்குப் போகும் வழியில் அவர் தன் கிளினிக்கைத் திறந்தார். விளக்கைப் போட்டு, மேசை இழுப்பறையை இழுத்தார்.

எக்ஸ்ரே உறைகளுக்கு அடியில் இருந்தது அவருடைய நாற்பத்தொன்று. அது யாருக்கும் இரவல் போனதே இல்லை.

டிரைவரைத் திட்டிய மறுநாளே அது கண்ணில் பட்டுவிட்டது. தேட வேண்டாம் என்று சொல்லிவிடலாமென்று அவர் அன்றே போனைக்கூடக் கையில் எடுத்தார்.

பிறகு வெட்கமாக இருந்தது. போனை வைத்துவிட்டார்.