நம்பர் தராதவன்

கம்ப்யூட்டரிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்கை பாலித்தீன் பையில் சுற்றி, ராகி மாவு டப்பாவுக்குள் ஆழமாகப் புதைத்தான் மாதவராஜ். மேலே மாவைத் தட்டிச் சமன் செய்தான்.

"சாயந்திரம் களி கிண்டணுங்க. வேற எடமே கெடைக்கலையா?" என்றாள் மனைவி சசிகலா.

"போலீஸ் வந்தா மொதல்ல கம்ப்யூட்டரத்தான் தூக்குவாங்க. ஒரு நாளு களி இல்லாட்டி ஒண்ணும் ஆயிராது."

அரை மணி நேரத்துக்கு முன்னால்தான் ஊராட்சித் தலைவர் தீர்த்தகிரியின் ஆள் முருகேஷ் வந்துவிட்டுப் போயிருந்தான். வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை. "சார், 'வெளிப்படை' விஷயமா தலைவரு உங்களப் பாக்கணுமாம். பத்து மணிக்கு வூட்டுக்கு வரச் சொன்னாரு."

'வெளிப்படை' இணையத்தில் வரும் ஒரு வலைப்பூ. எழுதுவது யாரென்று யாருக்கும் தெரியாது. காசு கொடுத்து வாங்கும் மென்பொருளைவிட, யாரும் இலவசமாக எடுத்துக்கொள்ளும் திறமூல மென்பொருள் ஏன் மேல், நம் அந்தரங்கத்தை யாரெல்லாம் விற்கிறார்கள் என்று ஒரு வாரம் எழுதும். அடுத்த வாரம் ஊர் நடப்பைக் கிழிக்கும்.

தருமபுரியில் ஒரு தனியார் கல்லூரியின் கம்ப்யூட்டர் லேபில் வேலை பார்க்கும் மாதவராஜ்தான் நான்கு வருடமாக அதை எழுதிவந்தான்.

புதுத் தண்ணீர்த் தொட்டி ஆறே மாதத்தில் ஒழுகியதைப் படத்தோடு போட்டதுதான் கடைசி. ஊரே அதைப் படித்தது. சசிகலா பயந்துபோனாள். அவள் ஊர்ப் பள்ளியில் சத்துணவு அமைப்பாளர். தலைவர் நினைத்தால் அவளை மலைக்கிராமத்துக்கு மாற்றிவிட முடியும். அவள் கெஞ்சிக் கேட்டதால் இரண்டு மாதமாக ஒரு வரி எழுதவில்லை.

"எப்பிடிங்க கண்டுபுடிச்சாங்க?"

"அதான் புரியல. லினக்ஸ்லதான் எழுதறேன். மெயிலப் பூட்டித்தான் அனுப்பறேன். எங்கிருந்து எழுதறேன்னு கடவுளுக்கே தெரியாது."

அது உண்மைதான். அவனிடம் வாட்ஸ்அப் கிடையாது. மளிகைக் கடையில் பில் போட போன் நம்பர் கேட்டால்கூட, "நம்பர் எதுக்குங்க? பருப்பு மட்டும் குடுங்க" என்பான். அப்படிப்பட்டவனை வீடு தேடி வந்து கூப்பிட்டிருக்கிறார்கள்.

அவன் சட்டையை மாட்டியபோது சசிகலாவும் செருப்பைப் போட்டாள். "நானும் வர்றேன். கூட பொம்பள இருந்தா கைவெக்க மாட்டாங்க."

தலைவர் வீட்டுக் கூடத்தில் மேஜைமேல் தடிமனான ஒரு பைல் கிடந்தது. 'வெளிப்படை'யில் வந்த ஒவ்வொரு பதிவும் கலரில் அச்செடுத்து, தேதிவாரியாகக் கோக்கப்பட்டிருந்தது. தலைவர் பெயர் வந்த இடமெல்லாம் சிவப்புக் கோடு. தீர்த்தகிரி நாற்காலிகளைக் காட்டினார்.

"உக்காருங்க சார். உக்காரும்மா. நீங்கதான இத எழுதறது?"

"யாருங்க சொன்னது?"

"யாரும் சொல்லலைங்க. பெங்களூர்லருந்து கம்ப்யூட்டர்காரரு ஒருத்தர வரவெச்சேன். பத்து நாளு பாத்துட்டு, 'இவரு பலே ஆளு, என்னால ஆவாது'ன்னு போயிட்டாரு."

அந்தப் பயத்திலும் மாதவராஜுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமையாக இருந்தது.

"அப்பறம் நம்ம முருகேஷுதான் கண்டுபுடிச்சான். எலெக்சனுக்காக வூடு வூடாப் போயி போன் நம்பர் எழுதுனோம். போனக் கையில வெச்சுக்கிட்டு நம்பரு குடுக்காத ஆளு ஊருக்கே நீங்க ஒருத்தருதான் சார். அந்தரங்கம் அந்தரங்கம்னு வேற யாரு எழுதப் போறா?"

பெருமை வந்த வேகத்தில் போய்விட்டது. இனி மறைக்க ஒன்றுமில்லை. மாதவராஜ் எழுந்து நின்றான்.

"நான்தாங்க எழுதுனேன். ஒரு வரிகூடப் பொய்யில்ல. என்ன பண்றதா இருந்தாலும் என்னையப் பண்ணுங்க. இவ வேலையில கைவெக்காதீங்க."

"வேல போனாலும் போவுது" என்று சசிகலாவும் எழுந்துவிட்டாள். இவ்வளவு நாள் பயந்தவள் குரல் இப்போது கணீரென்று வந்தது. "தொட்டி இன்னைக்கும் ஒழுவுதுங்க. வந்து பாருங்க!"

தீர்த்தகிரி எழுந்துபோய்க் கதவைச் சாத்தித் தாழ் போட்டார். மாதவராஜ் மனைவியின் கையை இறுகப் பற்றிக்கொண்டான்.

திரும்பி வந்தவர் குரலைத் தாழ்த்தினார். "எம்.எல்.ஏ. சீட்டு கேட்டிருக்கறேன் சார். கட்சி மேலிடத்துலருந்து வந்தவங்க, 'இந்தப் பக்கம் உங்கள யாருக்குத் தெரியும்'னு கேட்டாங்க. இந்தப் பைலத்தான் எடுத்துப் போட்டேன். 'நாலு வருசமா ஒருத்தன் வேல மெனக்கெட்டு எதுத்து எழுதறான்னா பெரிய ஆளுதான்'னு அசந்துட்டாங்க."

மாதவராஜும் சசிகலாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஆனா கடைசித் தேதியப் பாத்துட்டாங்க சார். 'ரெண்டு மாசமா ஒண்ணுமே காணமே, செல்வாக்கு போயிருச்சா'ன்னு கேக்கறாங்க. வெள்ளிக்கிழம நேர்காணல்." ஊராட்சித் தலைவர் இரண்டு கைகளையும் கூப்பினார்.

"அதுக்குள்ள நல்லா காரமா ஒண்ணு திட்டி எழுதுங்க சார்!"