இரண்டு வளையங்களுக்கு நடுவே

"இன்னைக்கு ஆவணி மூணு, வெள்ளிக்கிழமை. நல்ல நாளும் அதுவுமாத் தாலியைக் கழட்டச் சொல்றீகளே, இது நியாயமா டாக்டரம்மா?"

பாளையம்பட்டியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் அருஞ்சுனையின் குரல் மதுரை மருத்துவமனையின் தாழ்வாரம் முழுவதும் ஒலித்தது. அவருடைய மனைவி முத்துலட்சுமி பையோடு பக்கத்தில் நின்றாள்.

மருத்துவர் சுபத்ரா கதவின் கண்ணாடி வழியே உள்ளே காட்டினார். பெரிய காந்த வளையங்கள் இரண்டு எதிரெதிரே நின்றன.

"வழக்கமா ஸ்கேன் எடுக்கிற காந்தம் நீளக் குழாயா இருக்கும், உள்ள கை நுழையாது. இதை ரெண்டாப் பிரிச்சு, நடுவுல இடம் விட்டுச் செஞ்சிருக்காங்க. அங்க நின்னு, படத்தைப் பார்த்துக்கிட்டே மூளைக்கட்டியை எடுப்பேன். உள்ள துளி உலோகம் வரக்கூடாதுய்யா."

"தங்கத்தைக் காந்தம் இழுக்காது. எனக்குத் தெரியாதாக்கும்?"

"தங்கத்தை இழுக்காது. அதுல கொத்தாத் தொங்குதே ஊக்கு, அதை இழுக்கும்."

அருஞ்சுனை திரும்பினார். "ஏன்டி, கழுத்துல ஊக்குக் கடையா வச்சிருக்க?"

"ஆமா. சட்டைப் பித்தான் அந்துபோனா இந்தக் கடைக்குத்தான வாரீக?"

"சரி, ஊக்கைக் கழட்டிருவோம். தாலி கெடக்கட்டும்."

"தங்கம் கிட்டத்துல இருந்தாப் படம் கலங்கிரும்யா."

"அப்ப ஆப்பரேசனே வேண்டாம். வா, பஸ்ஸுக்குப் போவோம்."

"கட்டி கண் நரம்பை அழுத்துது. தள்ளிப் போட்டாப் பார்வை போயிரும்" என்றார் சுபத்ரா.

வாசலை நோக்கித் திரும்பிய அருஞ்சுனை நின்றார்.

"நான் உள்ள போகாம ஆப்பரேசன் நடக்காது. போகத்தான் போறேன்" என்ற முத்துலட்சுமி, விரலி மஞ்சள் கோத்த கயிற்றைப் பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "மொதல்ல இதைக் கட்டுங்க. பெறகு அதைக் கழட்டுவோம். கழுத்து ஒரு நிமிசங்கூட வெறுங்கழுத்தா இருக்காது. மஞ்சளை எந்தக் காந்தம் இழுக்கும்?"

செவிலியர்கள் பார்த்திருக்க, நாத்தனார் போட வேண்டிய முடிச்சுகளையும் சேர்த்து அருஞ்சுனையே போட்டார். பிறகுதான் பொன்தாலி இறங்கியது.

"இப்பத் திருப்தியா?" என்றாள் முத்துலட்சுமி.

"கயிறு அந்துறாம பாத்துக்க" என்றார் அவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

கதவு திறந்தது.

வளையங்களுக்கு நடுவே மருத்துவருக்கு எதிரே நின்றவள் முத்துலட்சுமி. 'அவ கையைப் பிடிச்சாத்தான் படுப்பேன்' என்று முந்தைய நாளே அடம்பிடித்து அனுமதி வாங்கி, தலையில் கட்டியோடு படுத்திருந்தவர் அருஞ்சுனை. பாளையம்பட்டிப் பக்கம் செல்லும் வாசகரே, கடையில் தராசு முள்ளைத் தெளிவாகப் பார்த்து எடைபோடும் அவரிடம் இதைச் சொல்லிச் சிரிக்காதீர். இது வேண்டுகோள் அன்று, கட்டளை!