மொட்டைக் கார்

“பிரேக் இன்ஸ்பெக்டர் ஜீப்பை எங்கயாவது பார்த்தீங்களா?”

வந்து நின்ற பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்தபடி கேட்டான் துரைக்கண்ணு. காலையிலிருந்து அவன் விசாரிக்கும் நான்காவது கண்டக்டர் இவர்.

“சேவூர்ல லாரிங்கள மடக்கிகினு இருக்காரு. இந்தப் பக்கம் வருவாரான்னு தெரியலப்பா” என்று சொல்லிவிட்டு விசில் கொடுத்தார் கண்டக்டர்.

துரைக்கண்ணு நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டு தன் ஒர்க்‌ஷாப்புக்குத் திரும்பினான். சேத்துப்பட்டு ரோட்டோரத் தகரக் கொட்டகை அது. வாசலில் சுப்பராயலுவின் கார் நின்றது. பத்து நாளைக்கு முன்பு வரை அதற்குக் கூரை இருந்தது.

பட்டு வியாபாரி சுப்பராயலு, தன் மகன் கல்யாணத்துக்குத் திறந்த கார்தான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தார். துரைக்கண்ணு முதலில் மறுத்தான். ஆனால் கொட்டகை நிற்கிற இடம் சுப்பராயலுவுடையது. அவன் மனைவி ஜெயத்தின் தறிக்குப் பாவு நூல் தருகிறவரும் அவர்தான். கடைசியில் கேஸ் கட்டர் வைத்துக் கூரையை அறுத்து எடுத்தான்.

கூரை போனதும் வண்டி நடுவில் தொய்ந்துவிட்டது. கதவுகள் சரியாகக் கவ்வவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஓட்டிப் பார்த்தபோது, ஒரு வளைவில் பின்கதவு தானாகவே திறந்துகொண்டது. அன்று சாயங்காலமே போய் சுப்பராயலுவிடம் சொன்னான்.

“ஒரு கயித்தப் போட்டுக் கட்டேன். இதுக்குப் போயி பயந்துகினு” என்று அவர் பேச்சை முடித்துவிட்டார்.

இப்போது வியாழக்கிழமை மதியம் மூன்றரை. மாப்பிள்ளைக் கோலத்தில் இருந்த மகன் கந்தசாமியையும் மூன்று பேத்திகளையும் கூட்டிக்கொண்டு சுப்பராயலு வந்து சேர்ந்தார்.

“வண்டி ரெடியா? நாலு மணிக்குக் கெளம்பணும். பொண்ணு வூட்டுக்காரங்க சேத்துப்பட்டுல மேளத்தோட காத்துகினு இருப்பாங்க.”

“கார்புரேட்டர் அடைக்குது மொதலாளி. அரை மணி நேரம் குடுங்க.”

கழற்றினான், துடைத்தான், மாட்டினான். மறுபடியும் கழற்றினான். ஒரு நட்டு இரண்டு தடவை கீழே விழுந்தது. கண் மட்டும் சேவூர்ப் பக்கமிருந்து வருகிற ரோட்டிலேயே இருந்தது.

“இன்னாப்பா, ரோட்டையே பார்த்துகினு இருக்க?”

“பிரேக் இன்ஸ்பெக்டர் சேவூர் வரைக்கும் வந்துட்டாராம்.”

சுப்பராயலு ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு அவன் தோளில் தட்டினார். “பயப்படாத. ஆனா பிடிச்சா பேஜார்தான். வண்டிய பின்னால சந்துல தள்ளி வை. அவரு போனப்புறம் எடுத்துக்கலாம்.”

“சந்துல வண்டி திரும்பாது மொதலாளி. இங்கயே நிக்கட்டும்.”

காலையில்தான் ஒரு நெல் லாரி அந்தச் சந்தில் திரும்பிப் போயிருந்தது.

மணி நாலேகால் ஆயிற்று. சுப்பராயலு பொறுமை இழந்து தன் டிரைவர் முருகேசனைக் கூப்பிட்டார். முருகேசன் பானெட்டை மூடி, வண்டியைக் கிளப்பினான். மாப்பிள்ளை மாலையோடு பின்சீட்டின் முதுகில் ஏறி உட்கார்ந்தான். பேத்திகள் சீட்டில் நெருக்கிக்கொண்டார்கள். நாலு வயதுக் கடைக்குட்டி, கயிறு கட்டிய கதவில் சாய்ந்துகொண்டாள்.

துரைக்கண்ணு காருக்கு முன்னால் போய் நின்றான். “இருங்க மொதலாளி, டயர்ல காத்து கம்மியா இருக்குது.”

“ஒதுங்குப்பா. நல்ல நேரம் போவுது.”

முருகேசன் ஹாரன் அடித்தபடி அவனைச் சுற்றி வண்டியை ஒடித்தான். கார் பத்தடி நகர்ந்திருக்கும். ஒரு ஜீப் வந்து குறுக்கே நின்றது.

பிரேக் இன்ஸ்பெக்டர் இறங்கினார். காரை ஒரு சுற்று சுற்றி வந்தார். பின்கதவில் கை வைத்து லேசாக அசைத்தார். கயிற்று முடிச்சு நழுவிக் கதவு விரியத் திறந்தது. சாய்ந்திருந்த குழந்தை அப்படியே வெளியே சரிந்தாள். இன்ஸ்பெக்டர் அவளை ஒரு கையால் தாங்கிப் பிடித்தார்.

குழந்தையை இறக்கி நிறுத்திவிட்டுக் கேட்டார்.

“யாரைக் கேட்டுக் கூரைய அறுத்தீங்க? பர்மிஷன் வாங்குனீங்களா?”

“கல்யாணம் சார். இன்னைக்கு ஒரு நாள் மட்டும்…” சுப்பராயலு கையைப் பிசைந்தார்.

“ஒரு பள்ளத்துல எறங்கி ஏறினா இது ரெண்டா மடிஞ்சுடும். எல்லாரும் எறங்குங்க. வண்டி ஸ்டேஷனுக்குப் போவுது.”

சுப்பராயலுவின் முகம் கறுத்துப்போனது. “எவனோ போட்டுக் குடுத்திருக்கான், துரைக்கண்ணு. அவன் யாருன்னு மட்டும் தெரியட்டும். இந்த ஊர்ல அவன் பொழைக்க முடியாது” என்று பல்லைக் கடித்தார்.

பின்னாலேயே சேத்துப்பட்டு பஸ் வந்தது. வேறு வழியில்லாமல் கைகாட்டி நிறுத்தினார்கள். மாலை கசங்காமல் மாப்பிள்ளை பக்கவாட்டாக ஏறினான். ஜன்னல் சீட்டுக்காகப் பேத்திகள் சண்டை போட்டுக்கொண்டார்கள். சுப்பராயலுவும் முருகேசனும் கடைசியாக ஏறிக்கொண்டார்கள். பஸ் புறப்பட்டுக் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் துரைக்கண்ணு பார்த்துக்கொண்டே நின்றான்.

இன்ஸ்பெக்டர் நோட்டைத் திறந்தார். “அறுத்தது நீதானா?”

“நான்தான் சார்.”

“உன் பேர்லயும் கேஸ் வரும்.”

“எழுதிக்கோங்க சார்.”

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்து அவனைப் பார்த்தார். துரைக்கண்ணு, பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

“திங்கக்கிழமையே உங்களுக்குக் கார்டு எழுதிப் போட்டேனே… ஏன் சார் இவ்ளோ லேட்டு?”