துண்டு துண்டாய்

"இது வகுப்பா, கச்சேரியா மேடம்?"

வக்கீல் வார்த்தைக்கு வார்த்தை தலைமையாசிரியையின் மேஜையைத் தட்டித் தட்டிப் பேசினார்.

"டு... மா... ரோ! ஒரு வார்த்தைக்கு மூணு தட்டு. இங்கிலீஷை வெங்காயம் மாதிரி நறுக்கிட்டு உட்கார்ந்திருக்காங்க இந்த டீச்சர். என் பொண்ணு வீட்டுலயும் தட்டிட்டே இருக்கா!"

மேஜைக்குப் பக்கத்தில் நின்றிருந்த அந்த டீச்சர் வேலையில் சேர்ந்து சில மாதங்கள்தான். இன்னும் நிரந்தரமாகவில்லை.

"ஒவ்வொரு உயிர் ஓசைக்கும் ஒரு தட்டு சார். அப்படிப் பிரிச்சுட்டா எவ்வளவு நீளமான வார்த்தையும்..."

"சுலபமா வந்துடும். தெரியும்." அடுத்தவர் ஆரம்பிக்கும் வாக்கியத்தைத் தாமே முடித்துவைப்பது வக்கீலின் வழக்கம். கோர்ட்டில் அதற்குத்தான் பேர் வாங்கியிருந்தார். "இதெல்லாம் ஒண்ணாம் கிளாஸ் சமாச்சாரம். ஆறாவதுல யாருக்கு வேணும்?"

டீச்சர் தயங்கினார். "ஒரு பிள்ளைக்குப் பேச்சு திக்குது சார். தட்டிக்கிட்டே சொன்னா திக்காம வருது. அது மட்டும் தட்டினா மத்தவங்க சிரிப்பாங்க. அதான் எல்லாரையும்..."

"தட்ட வைக்கிறீங்க. நல்லாயிருக்கு நியாயம்! ஒருத்தருக்காக மொத்த வகுப்பும் தாளம் போடணுமா? யாரு அந்தப் பிள்ளை?"

"சொல்ல மாட்டேன்னு வாக்குக் கொடுத்திருக்கேன் சார்."

"என்கிட்டயாவது சொல்லுங்க," என்றார் தலைமையாசிரியை. "இல்லன்னா உங்களை வேலையில வச்சுக்கிறது கஷ்டம்."

டீச்சர் மாட்டேன் என்று தலையசைத்தார்.

"பெத்தவன்னு ஒருத்தன் இருப்பானே, அவன் என்ன பண்றான்?" வக்கீல் விடவில்லை. "சொந்தப் பிள்ளைக்குப் பேச்சு வரலைன்னு கூடத் தெரியாத மனுஷன்! என் பொண்ணைப் பாருங்க. எவ்வளவு அடக்கம். அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டா."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "டீச்சர், நாளையிலிருந்து நீங்க வர வேண்டாம்."

வழக்கில் ஜெயித்த மிடுக்கோடு வக்கீல் வெளியே வந்தார். வராந்தா பெஞ்சில் மகள் காத்திருந்தாள்.

"உங்க டீச்சரை அனுப்பியாச்சு. யாரோ ஒரு பிள்ளைக்குத் திக்குதாம், அதுக்காக எல்லாரும் தட்டணுமாம்! இனிமே அந்தத் தட்டுற தொல்லை இல்ல."

மகளின் முகம் வெளுத்தது. "அ... அ... அ..."

"அப்பாவுக்குத் தேங்க்ஸா? அதெல்லாம் எதுக்கும்மா? எழுந்திரு, போகலாம்."

அவள் எழுந்திருக்கவில்லை. விரலைப் பெஞ்சின் மேல் வைத்தாள். தட்டினாள்.

"அப்-பா... அந்-தப்... பிள்-ளை... நான்-தான்."

வக்கீல் ஓட்டமும் நடையுமாக உள்ளே திரும்பினார். டீச்சர் கைப்பையை மாட்டிக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்.

"டீ... டீச்சர்... நா... நான்..."

வாழ்க்கையிலேயே முதல் தடவையாக அவருக்கு வார்த்தை வரவில்லை.

டீச்சர் அந்த வாக்கியத்தை முடித்துவைக்கவில்லை. கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, பொறுமையாகக் காத்திருந்தார்.