எல்.கே.ஜி.க்கு நாற்பது கேள்விகள்

எல்.கே.ஜி.யில் இடம் வேண்டுமென்றால் இப்போதெல்லாம் குழந்தை பதில் சொன்னால் போதாது, கேள்வி கேட்க வேண்டும். வர்ஷிதா தன் மகள் இதழினிக்கு நாற்பது கேள்விகளை உருப்போட வைத்திருந்தாள்.

காத்திருந்த அறையின் சுவரில் ஒரு பல்லி ஒட்டிக்கொண்டிருந்தது.

"அம்மா, பல்லி தூங்கினா கீழ விழுந்துடாதா?"

"உஷ்! அதெல்லாம் இப்பக் கேக்காத. படிச்சது மறந்துடும்." வியர்த்த கையால் மகளின் வாயைப் பொத்தினாள்.

உள்ளே, தேர்வு இயந்திரத்தின் முன் இதழினி கடகடவென்று ஒப்பித்தாள்: "வானம் ஏன் நீலமா இருக்கு?"

"இதை எல்லாரும் கேட்டாச்சு, கண்ணு. உனக்காத் தோணுறதைக் கேளு," என்றது இயந்திரம்.

ஓரமாக நின்ற வர்ஷிதா, 'பல்லியைப் பத்திக் கேளுடி' என்று கண்ணாலேயே கெஞ்சினாள்.

அம்மாவின் முகத்தைப் பார்த்த குழந்தை, இரண்டு கைகளாலும் தன் வாயை இறுகப் பொத்திக்கொண்டது.